கற்பனைக் கோளுக்கு எந்தக் காற்று?

1963இல் வெளிவந்த 'கலை அரசி' படத்தில் வேற்றுக் கோள்வாசிகள் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியைத் தூக்கிச் செல்கிறார்கள். விஞ்ஞானத்தில் முன்னேறிய அவர்களுக்கு இசையும் நடனமும் வாய்க்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் தேவை. ஏ. காசிலிங்கம் இயக்கி, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த இந்தக் கதை நகர வேண்டுமானால், கடத்தப்பட்டவள் அந்தக் கோளில் மூச்சுவிட வேண்டும். வாய் திறந்து பாடவும் வேண்டும். அங்குள்ள காற்று நம் காற்றாகவே இருந்தால்தான் இரண்டும் நடக்கும். வேறொரு கோளில் அப்படி ஒரு காற்று இருக்க முடியுமா? இராதென்றால், அறிவியலுக்கு முரணாகாமல் அங்கே எந்தக் காற்றை வைக்கலாம்?

கேள்விக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டு வயது. கெப்ளர் எழுதி, அவர் மறைந்தபின் 1634இல் அச்சான 'சோம்னியம்' கதையில் நிலவுக்குப் போகிறவர்களின் மூக்கில் ஈரப் பஞ்சு வைக்கப்படுகிறது. வழியில் காற்று இராது என்று எண்ணிப் பார்த்த முதல் கதைகளில் அது ஒன்று. அதற்குப் பின் வந்த விடைகளைச் சில போக்குகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றும் அதனதன் காலத்து அறிவியலிலிருந்து பிறந்தது. ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை உண்டு.

நம்மைப் போலவே என்ற வாதம்

மிகப் பழைய விடை ஒப்புமை. பூமியும் ஒரு கோள். பூமியில் காற்றும் நீரும் உள்ளன. ஆகவே மற்றக் கோள்களிலும் இருக்கும். 1698இல் வெளியான ஹைகன்ஸின் 'காஸ்மோதியோரஸ்' நூலின் அடிப்படை இதுதான். ஆனால் நிலவுக்குக் காற்று இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். செவ்வாயில் கால்வாய்களைக் கண்டதாக நம்பிய பெர்சிவல் லோவல், அங்குள்ள காற்றழுத்தம் நம்முடையதில் பன்னிரண்டில் ஒரு பங்கு இருக்கும் என்று கணித்தார். வெள்ளியின் மேகங்களுக்குக் கீழே சதுப்புக் காடுகள் இருக்கலாம் என்று 1918இல் அர்ரேனியஸ் எழுதினார். அடுத்த நாற்பது ஆண்டுக் கதைகள் பலவற்றில் வெள்ளிக் கோளில் ஓயாமல் மழை பெய்தது.

இந்த வாதத்தை உடைத்தவை கருவிகள். 1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்த மாரினர் 4, தன் வானொலி அலை அங்குள்ள காற்றில் வளைந்த அளவைக் கொண்டு, அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று காட்டியது. 1970 டிசம்பரில் வெள்ளியில் இறங்கிய வெனரா 7 கண்ட வெப்பம் சுமார் 475 டிகிரி செல்சியஸ். அழுத்தம் நம்மைப்போல் தொண்ணூறு மடங்கு. அருகருகே பிறந்த மூன்று கோள்களில் ஒன்று உலையாகவும் ஒன்று உறைபாலையாகவும் கிடக்க, ஒன்றில் மட்டுமே மூச்சுவிட முடிகிறது. இதன் பின் ஒப்புமையை மட்டும் நம்பி ஒரு கோளை வரைவது கடினம்.

இந்த அணிக்குள்ளேயே ஒரு கூர்மையான விதிவிலக்கு உண்டு. எட்கர் ரைஸ் பரோஸ் 1912இல் எழுதத் தொடங்கிய செவ்வாய்க் கதைகளில் காற்றை உற்பத்தி செய்யும் ஓர் ஆலை வருகிறது. அது நின்றால் கோளே மூச்சுத் திணறும். அதன் வேதியியல் தேறாது. ஆனாலும் காற்று தானாக நிலைத்து நிற்பதில்லை, யாரோ எதுவோ அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற உணர்வு அதில் இருக்கிறது. பின்னால் வந்த அறிவியல் போய்ச் சேர்ந்த இடமும் அதுவே.

எது தங்கும், எது தப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான்ஸ்டன் ஸ்டோனியும், அவருக்குப் பின் ஜேம்ஸ் ஜீன்சும் கேள்வியை இயற்பியலுக்குக் கொண்டுவந்தார்கள். வாயுவின் மூலக்கூறுகள் வெப்பத்துக்கு ஏற்ற வேகத்தில் பறக்கின்றன. லேசானவை வேகமாக, கனமானவை மெதுவாக. கோளின் ஈர்ப்பை மீறிச் செல்லத் தேவையான விடுபடு வேகம் அந்தச் சராசரி வேகத்தைப்போல் ஆறு மடங்காவது இருந்தால், அந்த வாயு கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்கும் என்பது தோராய விதி. பூமியின் விடுபடு வேகம் நொடிக்கு 11.2 கிலோமீட்டர். நைட்ரஜனும் ஆக்சிஜனும் நம்மிடம் தங்கி, ஹைட்ரஜனும் ஹீலியமும் கைநழுவிப் போனதற்கு இதுவே முதல் விளக்கம்.

கதை எழுதுகிறவருக்கு இது பெரிய உதவி. கோளின் நிறை, ஆரம், வெப்பம் மூன்றையும் முடிவு செய்துவிட்டால் எந்த வாயுக்களை விலக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். நம் நிலவின் விடுபடு வேகம் 2.4 கிலோமீட்டர், சனியின் துணைக்கோளான டைட்டனுக்கு 2.6. கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் நிலவில் காற்றில்லை. டைட்டனிலோ நம்மைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் நைட்ரஜன் கவிந்திருக்கிறது. இரண்டையும் பிரிக்கும் பெரிய காரணங்களில் ஒன்று குளிர். டைட்டனின் தரையில் வெப்பம் மைனஸ் 180 டிகிரி. சிறிய கோளுக்கும் அடர்ந்த காற்றைத் தரலாம், அதைச் சூரியனிலிருந்து தள்ளி வைத்தால்.

விதியின் குறை, தப்பிக்கும் வழிகள் பலவற்றில் ஒன்றை மட்டுமே அது கணக்கில் எடுப்பது. சூரியக் காற்று அரிக்கும். விண்கற்கள் மோதிச் சிதறடிக்கும். இளம் விண்மீனின் புறஊதாக் கதிர் மேல்வளியைக் கொதிக்கவைத்து வெள்ளமாக வெளியேற்றும். காந்தப்புலம் இருந்தால்தான் காற்று நிலைக்கும் என்ற நம்பிக்கை கதைகளில் பரவலாக இருக்கிறது. உள்ளார்ந்த காந்தப்புலமே இல்லாத வெள்ளி நம்மைவிட அடர்ந்த காற்றோடு இருப்பது அதற்கு நேர்எதிர்ச் சான்று. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 நவம்பர் 5 அன்று ஏவப்பட்ட மங்கள்யானின் 'மென்கா' கருவி, செவ்வாயின் புறவளியில் எதிர்பார்த்ததைவிட வேகமான ஆர்கான் அணுக்களைக் கண்டது. ஆர்கான் போன்ற கனமான வாயுவும் தள்ளப்படலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு. 

காவலூர் தரும் எச்சரிக்கை

ஒரு கோளுக்குக் காற்று இருக்கிறதா என்று சொல்வதே எவ்வளவு கடினம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பாடம் இருக்கிறது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வு நிலையத்திலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அந்த மறைப்பைப் பதிவு செய்தார்கள். விண்மீனின் ஒளி பட்டென்று அணையாமல் சற்றே தேய்ந்து மறைந்தது. கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று 1973இல் அறிவிக்கப்பட்டது. ஜே.சி. பட்டாச்சார்யா அந்த ஆய்வாளர்களில் ஒருவர்.

1979இல் வாயேஜர் 1 போய்ப் பார்த்தபோது அந்த அளவு காற்று அங்கே இல்லை. பிறகு 1990களில் ஹபிள் தொலைநோக்கி அங்கே ஆக்சிஜனின் மங்கிய ஒளிர்வைக் கண்டது. காற்று உண்டு, ஆனால் 1972இல் கணித்ததைவிடப் பல மடங்கு மெல்லியது. அந்த ஆக்சிஜனும் உயிரினம் விட்ட மூச்சல்ல. வியாழனைச் சுற்றியுள்ள மின்துகள்கள் பனிக்கட்டியைத் தாக்கிப் பிரித்தெடுத்தது. ஆக்சிஜன் தெரிந்தால் உயிர் இருக்கும் என்று எழுதிவிடுகிற கதாசிரியர் இந்த நிகழ்வை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

எண்களிலிருந்து தொடங்கியவர்கள்

கோளை முழுமையாகக் கணக்கிட்டு அதற்குள் கதையை வைக்கும் முறைக்கு முன்னோடி என்று பொதுவாகச் சுட்டப்படுபவர் ஹால் கிளெமென்ட். பள்ளியில் அறிவியல் கற்பித்த ஆசிரியர். 1953இல் தொடராக வந்த 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' நாவலின் கோள் மெஸ்க்ளின். பதினெட்டு நிமிடத்தில் ஒரு நாள் முடியும் வேகத்தில் அது சுழல்கிறது. நடுக்கோட்டில் ஈர்ப்பு பூமியைப்போல் மூன்று மடங்கு. துருவத்தில் பல நூறு மடங்கு. காற்று ஹைட்ரஜன், கடல் திரவ மீத்தேன். அதே ஆண்டு, அந்தக் கோளை எப்படிக் கட்டினேன் என்று தனிக் கட்டுரையும் எழுதினார். வாசகர் எங்கே பிழை என்று தேட வேண்டும். ஆசிரியர் பிழையில்லாமல் எழுத வேண்டும். இருவருக்கும் இடையிலான விளையாட்டாக அறிபுனைவை அவர் பார்த்தார்.

இந்த முறையின் நேர்மை மறுக்க முடியாதது. பிற்பாடு கணக்கிட்ட மாணவர்கள் துருவ ஈர்ப்பு அவர் சொன்னதைவிடக் குறைவாக இருக்கும் என்று காட்டினார்கள். பிழையைப் பிறர் கண்டுபிடிக்கக்கூடிய வகையில் எழுதியதே அவருடைய சாதனை. மெஸ்க்ளினுக்கு அடிப்படையாக அவர் எடுத்துக்கொண்டது 61 சிக்னி விண்மீனுக்கு அருகில் கண்டதாக 1943இல் அறிவிக்கப்பட்ட பெருங்கோள். அது பின்னர் இல்லையென்று ஆயிற்று, நாவல் நின்றது. ஆக, பயன்படுத்திய தரவு பொய்த்தாலும் உள்ளொழுங்கு இருந்தால் கதை தாங்கும்.

குறையும் இருக்கிறது. இந்த மரபில் கோள் ஒரு நிலைப்படமாகவே பெரும்பாலும் வருகிறது. இன்று என்ன அழுத்தம், என்ன வாயு என்று தெரிகிறது. நூறு கோடி ஆண்டு முன்பு என்ன இருந்தது, அது எங்கே போனது என்பது தெரிவதில்லை. அதை நிரப்ப வந்தது அடுத்த போக்கு.

உயிர் எழுதும் காற்று

1960களின் நடுவில் ஜேம்ஸ் லவ்லாக், டயான் ஹிட்ச்காக் இருவரும் வேறொரு கோணத்தைக் கொண்டுவந்தார்கள். நம் காற்றில் ஆக்சிஜனும் மீத்தேனும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் வினைபுரிந்து அழியக்கூடியவை; வளிமண்டலத்தில் மீத்தேனின் ஆயுள் ஏறத்தாழப் பத்தாண்டு. இருந்தும் அளவு குறையவில்லை என்றால் யாரோ ஓயாமல் உற்பத்தி செய்கிறார்கள். அந்த யாரோ, உயிர். பூமியிலும் ஆக்சிஜன் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான், ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களால் அது காற்றில் சேரத் தொடங்கியது.

அப்படியானால் வளிமண்டலம் ஒரு வரவு செலவுக் கணக்கு. எரிமலை தருகிறது, பாறை எடுக்கிறது, உயிர் தருகிறது, விண்வெளி எடுக்கிறது. கற்பனைக் கோளுக்கு வாயுப் பட்டியல் போடுகிறவர் ஒவ்வொரு வாயுவுக்கும் எதிரே இரண்டு இடத்தை நிரப்ப வேண்டும்: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது. ஆங்கிலக் கதைகளில் அவ்வப்போது தலைகாட்டும் குளோரின் காற்றுக் கோள்கள் இந்தச் சோதனையில்தான் தடுமாறுகின்றன. பிரபஞ்சத்தில் ஹைட்ரஜன், ஹீலியத்துக்கு அடுத்து மிகுதியானது ஆக்சிஜன். குளோரினோ மிக அரிது, கிடைத்ததும் உப்பாகிக் கடலில் கரைந்துவிடும்.

இந்தப் போக்கின் பலவீனமும் வெளிப்பட்டுவிட்டது. உயிரில்லாமலும் ஆக்சிஜன் சேரலாம்: சிவப்புக் குறுமீன் என்னும் சிறு விண்மீனைச் சுற்றும் கோளில் கடல் ஆவியாகி, ஹைட்ரஜன் தப்பி, ஆக்சிஜன் மட்டும் எஞ்சிக் குவியலாம் என்று 2015இல் லூகர், பார்ன்ஸ் இருவரும் கணக்கிட்டுக் காட்டினர். கணக்கின் ஒரு வரியை மட்டும் பார்த்து முழுக் கதையையும் ஊகிக்க இயலாது.

மூச்சுக்கு ஏற்றதும் வாழ ஏற்றதும்

'வாழத்தகு மண்டலம்' என்ற சொல் கதைகளில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஜேம்ஸ் காஸ்டிங் குழு 1993இல் வரையறுத்த மண்டலம், தரையில் நீர் திரவமாக நிற்கக்கூடிய தொலைவை மட்டுமே குறிக்கிறது. அதன் வெளி விளிம்பில் உள்ள கோள் உறையாமல் இருக்க நம் மொத்தக் காற்றழுத்தத்தைவிட அதிகமான கரியமில வாயு தேவைப்படும். அங்கே கடல் இருக்கும், நுண்ணுயிர் இருக்கலாம். மனிதன் ஹெல்மெட்டைக் கழற்றினால் நிமிடங்களில் இறந்துபோவான்.

மனித எல்லைகளைத் தெரிந்துகொள்ள விண்வெளி நூல்களைத் தேட வேண்டியதில்லை. திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடங்களில் மூடிய தொட்டிக்குள் இறங்கும் வேலை தெரிந்தவர்களுக்கு அவை பழகிய எண்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் இறங்கக்கூடாது, 23.5க்கு மேல் போனால் தீ அபாயம். எட்டு மணி நேர வேலைக்குக் கரியமில வாயு அரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 4 சதவீதம் உடனடி ஆபத்து. ஆர்கான் வெல்டிங்கில் கசியும் ஆர்கான் காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தேங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை.

இங்கே எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டிய உடலியல் உண்மை ஒன்று உண்டு. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் இரத்தத்தில் ஏறும் கரியமில வாயு. ஆக்சிஜன் குறைவு அல்ல. வெறும் நைட்ரஜனோ ஆர்கானோ நிறைந்த கோளில் முகமூடியைக் கழற்றியவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு துடிக்க மாட்டான். இரண்டொரு மூச்சில் சத்தமின்றி நினைவிழந்து விழுவான். தொட்டிக்குள் விழுந்தவரைத் தூக்கப் போனவரும் விழுவதற்குக் காரணம் இதுவே. திரைப்படங்களில் வழக்கமாகக் காட்டப்படும் திணறல், கரியமில வாயுக் கோளுக்குத்தான் பொருந்தும்.

சதவீதத்தைவிட முக்கியமானது ஆக்சிஜனின் தனி அழுத்தம். அப்பல்லோ வீரர்கள் விண்வெளியில் நம் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குள்ள தூய ஆக்சிஜனில் நலமாக இருந்தார்கள். தரையில், முழு அழுத்தத்துக்கும் சற்று மேலான தூய ஆக்சிஜனில், 1967 ஜனவரியில் அப்பல்லோ 1 தீப்பிடித்து மூவர் மாண்டார்கள். காடுகளும் நெருப்பும் உள்ள கோளை எழுதுகிறவருக்கு இந்த இரண்டு நிகழ்வுகளுமே அளவுகோல்.

வானும் குரலும்

வாயுக்களைத் தீர்மானித்த பிறகு அவை புலன்களுக்கு எப்படித் தென்படும் என்ற கேள்வி வருகிறது. பெரும்பாலான கதைகள் இதை நிறத்தோடு முடித்துக்கொள்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1950இல் வெளியிட்ட கதிர்வீச்சுக் கடத்தல் பற்றிய நூல், ஒளி ஒரு வளிமண்டலத்துக்குள் பலமுறை சிதறி வெளிவருவதைக் கணக்கிடும் வழியைத் தந்தது. கோள்களின் வளிமண்டல ஆய்வில் இன்றும் அதன் தடம் இருக்கிறது. தூசும் புகையும் இல்லாத எந்தக் காற்றும், அது நைட்ரஜனோ கரியமில வாயுவோ, சூரியன் போன்ற விண்மீனின் கீழ் பெரும்பாலும் நீல வானத்தையே தரும். செவ்வாயின் பழுப்பு வானம் தூசால் வந்தது. டைட்டனின் ஆரஞ்சு மூட்டத்துக்குக் காரணம், கார்ல் சாகனும் வாரணாசியில் பிறந்த பிஷுன் கரேவும் 1979இல் 'தோலின்' என்று பெயரிட்ட கரிமக் கூழ். ஆகவே வானத்துக்கு விரும்பிய நிறம் கொடுக்கலாம். எந்தத் துகள் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒலியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பாட்டுக்காக ஒருத்தியைக் கடத்தும் கதையைப் படமாக்கிய நமக்கு அது முதன்மையான கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானும், வழக்கமான 21 சதவீத ஆக்சிஜனும் உள்ள காற்றை எடுத்துக்கொள்வோம். சுவாசிக்கலாம். ஒலியின் வேகம் நொடிக்கு 346 மீட்டரிலிருந்து சுமார் 320 ஆகக் குறையும். புல்லாங்குழலின் சுருதி ஒரு சுரத்தானத்துக்கும் சற்று மேலாக இறங்கிவிடும். கம்பி அதிர்வை நம்பும் வீணை ஏறக்குறைய அதே சுருதியில் நிற்கும். பாடுகிறவரின் சுருதியும் பெரிதாக மாறாது, குரலின் குணம் மட்டும் கனத்து ஒலிக்கும். ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்தால் குழல் பத்துச் சுரத்தானம் அளவுக்கு மேலேறும். அங்கே குழலும் வீணையும் சேர்ந்து கச்சேரி செய்ய, குழலை வேறு நீளத்தில் செய்தாக வேண்டும்.

ஆனால் வரவு செலவுக் கணக்கு இங்கும் குறுக்கிடும். பூமி அளவுள்ள, மிதவெப்பக் கோள் ஹீலியத்தை நெடுங்காலம் பிடித்துவைக்காது. ஆர்கான் தங்கும், ஆனால் பாறையிலுள்ள பொட்டாசியம் சிதைவதால் மெதுவாகப் பிறக்கும் அது நம் காற்றில் ஒரு சதவீதத்தையும் எட்டவில்லை. ஆர்கான் கோள் வேண்டுமென்றால் நைட்ரஜன் எங்கே போனது என்று சொல்லியாக வேண்டும்.

கதை முந்தியா, கணக்கு முந்தியா

இவ்வளவும் தேவையா என்று கேட்கும் அணியும் வலுவானது. பொறியாளரான சுஜாதாவின் புகழ்பெற்ற 'என் இனிய இயந்திரா' எதிர்கால இந்தியாவில் நடக்கிறது. அதன் மையம் இயந்திர நாயும் ஆட்சியும் மனிதரும். அங்கே காற்று ஒரு பிரச்சினையே இல்லை, இருக்கவும் வேண்டாம். தமிழ் அறிபுனைவு பெரும்பாலும் பூமியை விட்டு நகராததால் வளிமண்டல வடிவமைப்பு நமக்கு ஒரு கலையாக வளரவில்லை என்று கருதலாம். கதைமாந்தரின் மனத்தை விட்டுவிட்டு அழுத்த அட்டவணை எழுதுவது இலக்கியமாகாது என்ற இவர்களின் வாதம் சரி. ஆனால் கோளைக் களமாகத் தேர்ந்துகொண்ட பின் காற்றைப் பொருட்படுத்தாமல் விடுவது, கடலோரக் கதையில் அலையை மறப்பதற்குச் சமம். கணக்கு தரும் கட்டுப்பாடுகளில் பல, மேலே கண்ட சத்தமற்ற மரணத்தைப் போல, கதைக்கு வேறெங்கும் கிடைக்காத காட்சிகளைத் தருகின்றன.

இன்னும் தீராதவை

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன. முதலாவது, பிரபஞ்சத்தில் மிகுதியான சிவப்புக் குறுமீன்களைச் சுற்றும் பாறைக் கோள்கள் காற்றைத் தக்கவைக்குமா என்பது. அத்தகைய குறுமீனான டிராப்பிஸ்ட் 1இன் ஏழு கோள்களில் மிக உள்ளே இருப்பதில் அடர்ந்த வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் இல்லை என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் காட்டியது. வெளிக் கோள்கள் பற்றி முடிவு சொல்ல இன்னும் காலமாகும்.

இரண்டாவது, ஹைட்ரஜன் போர்த்திய கடல்கோள்கள். நிக்கு மதுசூதன் குழு 2021இல் முன்வைத்த 'ஹைசியன்' கோள் என்ற கருத்துக்கு 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி எடுத்துக்காட்டானது. 2023இல் அங்கே மீத்தேனும் கரியமில வாயுவும் தெரிந்தன. 2025இல், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் டைமெத்தில் சல்ஃபைடுக்கான அறிகுறி என்று அக்குழு அறிவித்ததை, அதே தரவை மறுபடி ஆராய்ந்த பலர் ஏற்கவில்லை. அங்கே கடல் இருக்கிறதா என்பதும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஹைட்ரஜன் கோளை எழுதுகிறவருக்கு இப்போது நல்ல சுதந்திரம் உண்டு.

மூன்றாவது, ஒரு காற்றை மனிதர் மாற்ற முடியுமா என்பது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதன், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமையோடு வெப்பத்தைப் பிடிக்கும் என்று 1975இல் காட்டினார். அத்தகைய வாயுக்களால் செவ்வாயைச் சூடாக்கலாம் என்று பின்னாளில் திட்டங்கள் எழுந்தன. ஆனால் செவ்வாயில் எட்டக்கூடிய கரியமில வாயு முழுவதையும் திரட்டினாலும் நம் அழுத்தத்தில் சில சதவீதமே தேறும் என்கிறது 2018இல் ஜகோஸ்கி, எட்வர்ட்ஸ் வெளியிட்ட மதிப்பீடு. மறுப்போர் இருக்கிறார்கள், எண்கள் மாறக்கூடும்.

இதுவரை வந்த விடைகளை நிறுத்துப் பார்த்தால், வாயுப் பட்டியலில் தொடங்குவதைவிட அந்த வாயுக்களின் வரலாற்றில் தொடங்குவதே உறுதியான முறை என்று தோன்றுகிறது. ஒப்புமையும் விடுபடு வேகமும் அதற்குள் அடங்கும் உறுப்புகள். தமிழில் அடுத்த கோளைப் படைக்கப் போகிறவர்கள் ஈர்ப்பு, வெப்பம், அழுத்தம், இரண்டு மூன்று வாயுக்களின் வரவும் போக்கும் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தைத் தொடங்க வேண்டும். முடிந்தால் அந்தப் பக்கத்தை நூலின் பின்னிணைப்பாக அச்சிடவும் வேண்டும். வாசகர் சரிபார்க்கட்டும்.